வரிசை தப்பாமல் வாசித்தவள்

"அக்கா, என் வசனம் எப்ப வரும்?"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மீனம்மா வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். லிந்துலைக்கு மேலே, பாதி நாள் பனிமூட்டத்தில் மறைந்து கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் லயத்தில், தொழிலாளர் அறைகள் வரிசையாக நிற்கும் கட்டடத்தில், இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்லும் ஒடுக்கமான முன் தாழ்வாரத்தில், சாக்கு விரித்துப் பெண்கள் கூடுவார்கள். கிழமை முழுவதும் கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் ஞானப்பூவின் முகத்தையே பார்ப்பார்கள். அவள் மடியில் கறுப்பு அட்டை போட்ட பைபிள் இருக்கும்.

"வரும்போது வரும் மீனம்மா. முன்னால உள்ளத முடிச்சாத்தானே பின்னால உள்ளது வரும்?"

"அவ வசனம் என்ன, பதுளை மெயில் ரயிலா, நேரத்துக்கு வர்றதுக்கு?" என்பாள் காளியாயி. "மாட்டு வண்டியில வருது. இப்பத்தான் சவுல் ராசாகிட்ட வந்து அச்சாணி கழண்டு நிக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். மீனம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் ஞானப்பூ குனிந்து பைபிளைப் பார்ப்பாள். மீனம்மாவின் வசனம் எங்கே இருக்கிறது, அதற்கு முந்தின வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஞானப்பூ அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த குடும்பம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சரளமாக வாசிக்கப் பழகியதோடு படிப்பு நின்றது. கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. கல்யாணமும் அந்தத் தோட்டத்திலேயே நடந்தது. புருஷனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடியும் மிட்டாயும் கொடுத்த சில மாதங்களுக்குள், ஃபேக்டரி விறகுக்காக வெட்டிய சவுக்கு மரம் அவன் மேல் சாய்ந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்த கம்பளிக்குள் அவள் பார்த்தது முகம்தானா என்று பிற்காலத்திலும் அவளால் சொல்ல முடியவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளையும் அந்த மாதமே கலைந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்று யோபு சொன்னானே, அதை நினைத்துக்கொள். போதகரும் அதையே சொன்னார். எத்தனை பேர் சொன்னாலும் அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது. ஒரு நாள், யார் அந்த யோபு, அப்படிச் சொல்ல அவனால் எப்படி முடிந்தது என்று பார்க்கப் புத்தகத்தைத் திறந்தாள். அவன் அதைச் சொன்னது முதல் நாள். அதற்குப் பிறகு அவன் சாம்பலில் உட்கார்ந்து, நான் பிறந்த நாளே இல்லாமல் போகட்டும் என்று கதறுகிறான். பக்கம் பக்கமாகக் கதறுகிறான். கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுகிறான். ஞானப்பூ அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு, கணவன் செத்த பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் போதகரிடம் போய் நின்றாள். "யோபு முதல் நாள் சொன்னத மட்டும் எனக்குச் சொன்னீங்களே ஐயா, அப்புறம் சொன்னத ஏன் சொல்லல?"

போதகர் வயதானவர். பல தோட்டங்களுக்கு ஒரே ஆளாக ஏறி இறங்கிக் களைத்தவர். அவர் கோபிக்கவில்லை.

"அதை எல்லாம் உட்கார்ந்து சொல்ல எனக்கு எங்கேம்மா நேரம்? ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு சாவு இருக்கிறது. உனக்குத் தெரிந்துவிட்டதல்லவா, நீ சொல்லு" என்றார்.

வாய்ப்பேச்சாகச் சொன்னதை அவரே நிறைவேற்றியும் வைத்தார். அடுத்த வருஷம் மிஷன் அவளைப் பைபிள் அம்மாவாக நியமித்தது. லயம் லயமாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது வேலை. கூடையை இறக்கி வைத்தாள். வெள்ளைச் சேலை உடுத்தாள்.

மற்றப் பைபிள் அம்மாக்கள் நோயாளி வீட்டில் ஒரு வசனம், பேறுகால வீட்டில் ஒரு வசனம் என்று வாசித்துவிட்டுப் போவார்கள். ஞானப்பூ அப்படிச் செய்யவில்லை. "கொழுந்து ஆயுற மாதிரி வேதத்த ஆயாதீங்க" என்பாள். "ரெண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிக் கூடையில போட்டுக்கிட்டா செடி எப்படி இருக்கும்னு தெரியுமா? இது மொத்தமும் ஒரே கதை. தொடங்கின எடத்துல தொடங்கி முடியிற எடத்துல முடிக்கணும்."

அதற்கென்று இரண்டு சட்டங்கள் வைத்திருந்தாள். ஒன்று, புத்தகத்தைத் திறக்கும் முன் போன வாரம் வாசித்ததை யாராவது ஒருத்தி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். முறை வைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு, எதையும் தாண்டக் கூடாது. பின்னால் வருவதை முன்னால் கேட்கவும் கூடாது.

பெண்களில் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். கதைக்காக வந்தார்கள். காளியாயி அப்படி வந்தவள்தான். அவள் முறை வருகிற வாரம் கூட்டம் இரட்டிப்பாகும்.

"அந்தப் பார்வோன் இருக்கானே, அவன் சரியான தோட்டத்துத் தொர" என்று தொடங்குவாள். "இது நாள் வரைக்கும் செங்கல் அறுக்க வைக்கோல் குடுத்தான். இப்ப வைக்கோல் இல்ல, நீயே பொறுக்கிக்கோ, ஆனா செங்கல் மட்டும் கொறையக் கூடாதுங்கிறான். கவ்வாத்து வெட்டி மொட்டையாக் கெடக்குற மலைக்கு நம்மள அனுப்பிட்டு, கொழுந்து ராத்தல் கொறஞ்சா அரைச் சம்பளம்னு அரைப்பேரு போடுறானுங்களே, அதே வேலை. அப்பவே தொடங்கியிருக்கானுங்க!"

"அப்புறம் என்னாச்சு காளியாயி?"

"என்ன ஆகும்? காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துக்கே மோசே போயி, எங்க ஆளுகள அனுப்புன்னு நின்னாரு. நம்ம கங்காணிமாரு யாராவது நின்னிருக்காங்களா?"

ஞானப்பூ வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் வாழ்க்கையில் மகிழ்ச்சி என்று ஒன்று இருந்ததானால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இருந்தது.

மீனம்மா அதே லயத்தில் கடைசிக் காம்பராவில், கடைசி அறையில், இருந்தவள். ஞானஸ்நானத்தில் மார்த்தாள் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அவள் புருஷன் ஆண்டியப்பன், தாய் சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்து, ஐம்பத்துமூன்றாம் வருஷம் இந்தியாவுக்குப் போனான். திரும்பி வர அனுமதிச் சீட்டோடுதான் போனான். தாயை அடக்கம் செய்துவிட்டு அவனே காய்ச்சலில் விழுந்தான். எழுந்து வரும்போது சீட்டின் காலம் முடிந்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டுப் பிரஜை இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளிக்காகக் கதவு இன்னொரு முறை திறக்குமா?

"நீ இங்க வராத, இங்க கஞ்சிக்கே வழி இல்ல. நான் எப்படியும் வந்துருவேன். நீ அந்தக் காம்பராவுலயே இரு" என்று எழுதினான். அதன் பிறகு இரண்டு மூன்று கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை.

மீனம்மா அந்தக் காம்பராவிலேயே இருந்தாள். அதன் தகரக் கூரை பொத்தல். பின்சுவரில் மலையிலிருந்து நீர் கசியும். மழைக் காலத்தில் அடுப்பங்கரை வரைக்கும் ஈரம் ஏறும். தோட்ட அதிகாரி கண்டாக்கு ஐயா இரக்கப்பட்டு, கீழே புதிதாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா தருகிறேன் என்றார். உடப்புசல்லாவையில் இருந்த அவள் அண்ணன் சோலைமலை வந்து, எங்களோடு வந்துவிடு என்று கையைப் பிடித்து அழைத்தான். அவள் யாருக்கும் அசையவில்லை.

"அவரு வந்தா இந்தக் கதவத்தான் தட்டுவாரு அண்ணே. பூட்டிக் கெடந்தா நான் செத்துப்போயிட்டேன்னு திரும்பிப் போயிருவாரு."

இந்தப் பிடிவாதத்துக்கு ஆணி அடித்ததைப் போல வந்து சேர்ந்தது அந்த வசனம்.

புது வருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசனம் எடுப்பது அவர்கள் சபையில் வழக்கம். சிறு அட்டைகளில் வேதத்திலிருந்து நல்ல நல்ல வசனமாக எழுதி, தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்தது அந்த வருஷத்துக்குக் கடவுள் அவரிடம் நேராகச் சொன்ன வாக்கு. மார்கழி மாதம் போதகர் சொல்லச் சொல்ல அந்த அட்டைகளை எழுதுவது ஞானப்பூதான். கிள்ளக் கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவள், வருஷத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து கிள்ளினாள். சபை வழக்கம், என்ன செய்வது?

ஐம்பத்தாறாம் வருஷப் பிறப்பன்று மீனம்மா எடுத்த அட்டையில், உங்களைப் பற்றி நான் கொண்டிருக்கும் எண்ணம் கேடு செய்வதற்கல்ல, சமாதானத்துக்காகவே, நீங்கள் காத்திருக்கும் முடிவைத் தருவேன் என்ற பொருளில் எரேமியாவின் வசனம் இருந்தது. மீனம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஞானப்பூவிடம் நீட்டினாள். ஞானப்பூ வாசித்தாள்.

"நான் காத்திருக்கிற முடிவு... அவருக்கு எப்படித் தெரிஞ்சிச்சு அக்கா?" என்று கேட்டுவிட்டு, கோயில் வாசலிலேயே மண்டியிட்டு அந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினாள் மீனம்மா.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருவது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின வரியில் கடவுள் வைத்த கெடு இருக்கிறது, எழுபது வருஷம். எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் அந்தச் சமாதானம், அந்த முடிவு. ஞானப்பூவின் வாய் வரைக்கும் அது வந்தது. விம்மிக் குலுங்கும் அந்தத் தோளைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

மீனம்மா அட்டையைச் சோற்றுப் பசையால் கதவுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தாள். தன் வசனம் கதையில் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்க வேண்டும், அதை முழுதாய்க் கேட்டால் அவர் எப்போது வருவார் என்று தெரிந்துவிடும். அதற்காகவே ஆதியாகமம் தொடங்கி, தாவீதின் சண்டைகளையும் ராஜாக்களின் வரிசையையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குக் கதையின் முடிச்சுகள் பிடிபட்டன. யாரும் கவனிக்காததை அவள்தான் கேட்பாள்: "யாக்கோபு அப்பன ஏமாத்தினான். இப்ப அவன் புள்ளைங்க அவன ஏமாத்துறாங்க. ஆட்டுக்குட்டிய வச்சே ஏமாத்துறாங்க. இல்லக்கா?" ஞானப்பூ பெருமையில் பூரித்துப் போவாள்.

அதோடு இருமலும் வந்தது. முதலில் மழைக்கு மட்டும் இருமினாள். பிறகு வெயிலிலும் இருமினாள்.

வருஷங்கள் போயின. தோட்டத்து ஆட்கள் பிரஜா உரிமைக்குப் போட்ட மனுக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகி வந்தன. நாட்டில் கலவரம் வந்து அடங்கியது. மாட்டு வண்டி ஏசாயாவைத் தாண்டியது. எரேமியாவுக்குள் நுழைந்த வாரம் ஞானப்பூ போதகரைத் தேடிப் போனாள்.

"அவ அந்த ஈரத்துல கெடந்து சாகுறா ஐயா. அந்த வசனத்த நம்பித்தான் கெடக்குறா. முழுசா வாசிச்சா, இது நமக்கில்லன்னு தெரிஞ்சு அண்ணன் வீட்டுக்குப் போயிருவாளோ என்னவோ. இல்ல, மனசு ஒடஞ்சே போயிருமோ?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு வசனம்தானே அம்மா. அதை வாசித்துவிட்டு மேலே போய்விடு. சுற்றி உள்ளதை யார் கேட்கப்போகிறார்கள்?"

"நான் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே ஐயா."

"ஒரு முறை தாண்டினால் கடவுள் கோபிக்க மாட்டார்."

அந்த ஞாயிறு வந்தது. வசனம் நெருங்கிவிட்டது என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்த மீனம்மா, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெட்டியில் இருந்த கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். ஒரு சட்டி நிறையக் கடலை அவித்துக் கொண்டு வந்திருந்தாள். "யாருக்குக் கல்யாணம்?" என்று காளியாயி கேட்டாள். "எனக்குத்தான். இன்னொரு தரம் அதே மாப்பிள்ளைகூட" என்றாள் மீனம்மா. சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஞானப்பூ எரேமியாவின் கழுத்து நுகத்தைப் பற்றி வாசித்தாள். பொய்த் தீர்க்கதரிசி அனனியாவைப் பற்றி வாசித்தாள். அவன் செத்ததையும் வாசித்தாள். பிறகு அவள் கண்கள் கடிதத்தின் முதல் வரியில் விழுந்தன. எதிரே ஒளி வீசுகிற ஒரு முகம்! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுபது என்ற சொல்லை எந்த வாயால் உச்சரிப்பது? விரலை மெல்லக் கீழே இறக்கினாள். நேராக அந்த வசனத்துக்குப் போனாள்.

வாழ்நாளில் முதன்முறையாக அவள் தாண்டினாள்.

மீனம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பெண்கள் கைதட்டினார்கள். எல்லோரும் கடலை தின்றார்கள். ஞானப்பூவின் வாயில் அது மண்ணாக இருந்தது.

அடுத்த ஞாயிறு திருப்பிச் சொல்லும் முறை மீனம்மாவுடையது. உற்சாகமாகத் தொடங்கினாள்.

"எரேமியா கழுத்துல நுகத்தடிய மாட்டிக்கிட்டு வந்து, பாபிலோன்காரன் கீழதான் கெடக்கணும், வேற வழி இல்லன்னாரு. அப்ப இந்த அனனியா வந்தான். நல்லா உடுத்தி, வாசம் பூசி..."

"வாசம் பூசுனது எழுதியிருக்கா?" என்றாள் காளியாயி.

"எழுதல. ஆனா அந்த மாதிரி ஆளுதான் அக்கா அவன். வந்து நுகத்த ஒடச்சிப் போட்டான். ரெண்டே வருஷம், போனவங்க எல்லாம் திரும்பி வந்துருவாங்கன்னான். நான் அங்க இருந்திருந்தா அவன் கால்ல விழுந்திருப்பேன். ஆனா அது பொய். சனத்தப் பொய்ய நம்ப வச்சேன்னு ஆண்டவர் அந்த வருஷமே அவனச் சாகடிச்சாரு. அதுக்கப்புறம் என் வசனம் வந்துச்சு..."

பேச்சு நின்றது. மீனம்மாவின் நெற்றி சுருங்கியது. எதையோ கையால் தடவித் தேடுகிறவளைப் போல இருந்தாள்.

"அக்கா. ரெண்டு வருஷம்ங்கிறது பொய்."

"ஆமா."

"அப்ப நெசம் எத்தன வருஷம்?"

ஞானப்பூ பைபிளின் அட்டையைத் தடவினாள்.

"பொய்ச் சொன்னவனச் சாகடிச்சவரு, நெசத்தச் சொல்லாம விடுவாரா? ஒண்ணு வந்தா அதுக்குப் பதில் பின்னாலயே வரும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அனனியா செத்ததுக்கும் என் வசனத்துக்கும் நடுவுல ஒரு துண்டு காணோமே அக்கா. அது எங்க?"

கற்றுக் கொடுத்தவள் கற்றுக்கொண்டவளின் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வாசிங்க" என்றாள் மீனம்மா. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஞானப்பூ வாசித்தாள். அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள். அங்கேயே தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு அங்கேயே கல்யாணம் செய்து வையுங்கள். சீக்கிரம் திரும்புவோம் என்கிறவர்களை நம்பாதீர்கள். எழுபது வருஷம் ஆன பிறகு உங்களைச் சந்திப்பேன். ஏனென்றால் உங்களைப் பற்றி நான் கொண்டிருக்கும் எண்ணம்...

"போதும்" என்றாள் மீனம்மா.

"எழுபதா?" என்று காளியாயி வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தி, அதுக்குள்ள நாம எல்லாம் தேயிலைக்கு ஒரமாப் போயிருவோமே!" சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"அந்தக் காயிதத்த வாசிக்கக் கேட்டவங்க?" என்று கேட்டாள் மீனம்மா. "அவங்க திரும்பிப் போகலயா?"

"பிள்ளைங்க போனாங்க. பேரப் பிள்ளைங்க போனாங்க" என்றாள் ஞானப்பூ. "கேட்டவங்க... அநேகம் பேரு அங்கேயே செத்திருப்பாங்க."

"எனக்குப் பிள்ளையும் இல்லியே அக்கா."

மீனம்மா எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டினாள். "நாலு வருஷமா என்னப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே எழுதினீங்க, தெரிஞ்சுகிட்டே வாசிச்சீங்க, தெரிஞ்சுகிட்டே மறைச்சீங்க. அந்த அனனியாகூட ஒரு தரந்தான் சொன்னான்."

அவள் போய்விட்டாள். ஞானப்பூ பின்னாலேயே ஓடினாள். கடைசிக் காம்பராவின் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள், அழுதாள், "மீனம்மா, என் ராசாத்தி, தொற" என்று கெஞ்சினாள். எந்தத் தட்டலுக்காகக் காத்திருந்த கதவோ, அது இந்தத் தட்டலுக்குத் திறக்கவில்லை.

மறுநாள் சுவரில் இருந்த அட்டையை மீனம்மா சுரண்டி அடுப்பில் போட்டாள் என்று பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள். ஞானப்பூ ஒரு கணம் நம்பினாள்: இனியாவது அந்த ஈரத்தை விட்டுப் போவாள்! கண்டாக்கு ஐயாவிடம் அவளே போய்ப் பேசி, கீழ் லயத்தில் காம்பராவுக்கு மறுபடியும் ஏற்பாடு செய்தாள். சேதி சொல்லக் காளியாயியை அனுப்பினாள்.

காளியாயி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். "வரமாட்டாளாம். எங்க இருந்தா என்னன்னு கேக்குறா. முன்னாடி அவருக்காக இருந்தா. இப்ப எதுக்கு இருக்கான்னு அவளுக்கே தெரியல. நான் என்னத்தச் சொல்ல?"

அந்த வருஷத் தென்மேற்கு மழை வாரக் கணக்கில் ஓயாமல் அடித்தது. மீனம்மா பெரட்டுக்கு வருவதை நிறுத்தினாள். ஞானப்பூ தினமும் கஞ்சி வைத்து வாசலில் வைப்பாள். சில நாள் சட்டி காலியாக இருக்கும். பல நாள் மழை நீர் நிரம்பி இருக்கும். கடைசியில் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்து, லாரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். துப்பிய சளியில் இரத்தம் இருந்தது.

ஞானப்பூ ஆஸ்பத்திரிக்குப் பைபிளை எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் வழி நெடுக அதன் கடைசித் தாளுக்குள் விரலை வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்று தெரியும். அவள் பல தடவை வாசித்து, பல தடவை அழுது, அந்தப் பெண்கள் முறைப்படி வந்து சேரட்டும் என்று இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த ஒன்று. கதை முடிகிற இடத்தில் எல்லாம் புதிதாகிறது. புது வானம் வருகிறது, புது பூமி வருகிறது. கண்ணீரைக் கடவுளே துடைக்கிறார். அதற்கும் முன்னால், முதல் வரியிலேயே, கடல் இல்லாமல் போகிறது. கடல் இல்லை! கடலுக்கு அந்தப் பக்கம் ஆண்டியப்பனை வைத்துக்கொண்டிருந்தவளிடம் இதை முதல் நாளே சொல்லாமல், சவுலையும் சாலமோனையும் வாசித்துக்கொண்டிருந்தேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கட்டிலில் மீனம்மா இருந்த இடம் தெரியவில்லை. போர்வைக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்தன. கோபம் இல்லை அந்தக் கண்களில். கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

"ஏன்க்கா இந்த மழையில வந்தீங்க?"

"உனக்கு ஒண்ணு சொல்ல வந்தேன் மீனம்மா. கடைசியில என்ன வருதுன்னு."

"முன்னால உள்ளத முடிக்காம சொல்ல மாட்டீங்களே."

"சட்டம் போகட்டும். கேளு." ஞானப்பூ புத்தகத்தைத் திறந்து, அந்தக் கண்களுக்குப் பக்கத்தில் குனிந்து வாசித்தாள். கடல் இல்லை என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். "பாத்தியா, கடலே இல்ல. அவரு நடந்தே வந்துருவாரு. நீயும் நடந்தே போவ."

மீனம்மா கூரையைப் பார்த்தாள். உதட்டில் ஒரு அசைவு. ஞானப்பூ சிரிப்பு என்று நினைத்தாள்.

"இது யாருக்கு எழுதினது அக்கா?"

"கஷ்டப்பட்டவங்களுக்கு. அந்தக் காலத்து ராயன் கையில அடிபட்டுச் செத்துக்கிட்டிருந்த சபைகளுக்கு."

"கேட்டவங்க பாத்தாங்களா?"

ஞானப்பூ போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எழுதி எத்தன காலம் ஆச்சு?"

"ரொம்பக் காலம் மீனம்மா."

"கடல் இன்னும் இருக்குதே."

கேலியாகச் சொல்லவில்லை அவள். கற்றுக்கொண்டதைத்தான் சொன்னாள். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்க்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாதே என்று ஞானப்பூதானே ஞாயிறு தோறும் பழக்கினாள்? பிடித்துத் தொங்க ஒரு துரும்பு கொடுத்தால் போதும் என்ற நேரத்தில், துரும்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற கண்ணை அல்லவா அவளுக்குக் கொடுத்திருந்தாள்!

"கோவம் இல்லக்கா" என்றாள் மீனம்மா. "புஸ்தகத்த மூடிட்டு சும்மா உக்காருங்க."

ஞானப்பூ மூடிவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பார்வையாளர்கள் போகலாம் என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஞானப்பூ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

அடக்கத்தில் போதகர் ஒரு வேதபாகம் வாசிக்கச் சொன்னார். ஞானப்பூ தலையை ஆட்டி மறுத்தாள். உடப்புசல்லாவையிலிருந்து வந்திருந்த சோலைமலை முதல் பிடி மண்ணைப் போட்டான். ஆண்டியப்பனுக்குச் சேதி எழுத, அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாதமே ஞானப்பூ பைபிள் அம்மா வேலையை விட்டாள். வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டு, பெரட்டுக் களத்தில் மறுபடியும் பெயர் கொடுத்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மேட்டு மலை ஏற மூச்சு வாங்கியது. போதகர் நேரில் வந்து கூப்பிட்டார். "நம்பிக்கை போய்விட்டதா அம்மா?" என்று கேட்டார்.

"போச்சா இருக்கான்னு தெரியல ஐயா. அவ ஒரு கேள்வி கேட்டா. கேட்டவங்க பாத்தாங்களான்னு. அதுக்கு இதுக்குள்ள எங்கயாவது பதில் இருக்கும். இருக்கணும். நான் பாக்காமத் தாண்டியிருப்பேன். கெடச்சா வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இப்போது தனியாக வாசித்தாள். ஆதியாகமத்தில் தொடங்கிக் கடைசி வரைக்கும் போவாள். ஆபிரகாம் வாக்குக் கிடைத்தும், அந்தத் தேசத்தில் மனைவியைப் புதைக்கக்கூட நிலத்தை விலை கொடுத்து வாங்கியவனாய்ச் செத்தான். மோசே மலை மேல் நின்று பார்த்ததோடு செத்தான். எரேமியா எங்கே செத்தான் என்பதுகூட எழுதவில்லை. வாக்கைக் கேட்டவர்கள் எல்லோரும் எட்டாத தூரத்தில் நின்று சாகிறார்கள். அதுவே அந்தக் கதையின் முதுகெலும்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதை மீனம்மாவுக்கு ஆறுதலாகச் சொல்லும் வழி எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை. முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போவாள்.

அறுபத்தைந்தாம் வருஷம். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, யார் இங்கே, யார் அங்கே என்று பிரிக்கப்போகிறார்கள் என்று தோட்டமெங்கும் ஒரே பேச்சாக இருந்தது. அன்றும் ஞானப்பூ இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த காளியாயி படியில் நின்றாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது.

"என்ன ஞானப்பூ, கெடச்சுதா?"

"இன்னும் இல்லடி."

காளியாயி குடத்தை இறக்கி வைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஞானப்பூ அடுத்த தாளைத் திருப்பினாள்.